வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பும் எல்லை தாண்டும் வேனும்

1

என்னைத் தலைவராக்கியது மியூட் பட்டன்.

ஒரு சனிக்கிழமை காலை, நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்ட் சமையலறையில் வீடியோ மீட்டிங்கை ஓடவிட்டு, என் பக்கத்துச் சத்தத்தை மியூட்டில் போட்டுவிட்டு, தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். தோசையைத் திருப்பும் நேரத்தில் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். கையெல்லாம் மாவு. மூக்கால் பட்டனை அமுக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள், "கதிர்வேல் ஒண்ணும் சொல்லல. மௌனம் சம்மதம். தீர்மானம் பாஸ்ட்!" என்று கலிஃபோர்னியா சன்னிவேலிலிருந்து ரமேஷ் அறிவித்துவிட்டான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால், எங்கள் எல்லைக்கூட்டு நிதியின் அடுத்த ஐந்தாண்டுத் திட்டக் குழுவுக்கு நான் தலைவர். உறுப்பினர்கள் யார் என்று கேட்டேன். அதுவும் நான்தான் என்றார்கள்.

இந்த நிதி என்ன என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சிக்கு மேற்கே, செக்போஸ்ட்டை ஒட்டி இந்தப் பக்கம் எங்கள் ஊர். அந்தப் பக்கம் கேரளா. எங்களூர்த் தக்காளியும் தேங்காயும் அங்கே போகும். சாயங்காலமானால் எங்களூர் ஆண்கள் சிலர் கள்ளுக்கடை தேடி அங்கே போவார்கள். லாட்டரிச் சீட்டு அங்கிருந்து யார் சட்டைப் பையிலாவது இங்கே வரும். மாநிலங்களுக்கு இடையிலான பிராந்திய ஒத்துழைப்பு என்று நான் இப்போது ஸ்லைடு போடுகிறேனே, அது ஸ்லைடு இல்லாமலேயே நன்றாக நடந்துகொண்டிருந்தது.

பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒருநாள், முன்னால் நின்ற ஆள் போனில் "செக்போஸ்ட் பேக்கரி" என்று சொன்னது காதில் விழுந்தது. எந்த செக்போஸ்ட் என்று கேட்டேன். எங்கள் செக்போஸ்ட்தான். ஆள் பெயர் சசிதரன். அவர் வீட்டு மாட்டுத்தொழுவத்திலிருந்து கத்தினால் எங்கள் தோட்டத்துக்குக் கேட்கும். அப்படிப்பட்ட ஆளை நான் ரயிலுக்காக நிற்கும்போது நியூ ஜெர்சியில் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு அவர் சசியேட்டன். பிறகு டெக்சாஸுக்கு, ரிச்சர்ட்சனுக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் சொல்லித்தான், இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து இங்கே ஒரு நிதி ஆரம்பித்தோம். அதற்கு ஒரே ஒரு விதி. அதைக் கண்டுபிடித்தது நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்டால்தான் பணம் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இந்தப் பக்கத்துப் பிரதிநிதியும் அந்தப் பக்கத்துப் பிரதிநிதியும் செக்போஸ்ட் பேக்கரியில் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

மாடுகளுக்கான கோமாரித் தடுப்பூசி முகாமில் தொடங்கி, கண் முகாம் நடத்தி, கடைசியில் ஒரு வேனில் வந்து நின்றோம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கிற நர்ஸ் வேன். செக்போஸ்ட் பக்கத்திலிருந்து கிளம்பி இரண்டு மாநிலத்து வீடுகளுக்கும் போய்வருகிறது. இந்த வருடம் நிதிக்குப் பத்தாவது ஆண்டு. அதனால்தான் ஐந்தாண்டுத் திட்டம், குழு, தோசை, நான்.

2

திட்டம் தீட்ட உட்கார்ந்த வாரமே வேனுக்கு ஆபத்து வந்தது.

இந்தப் பக்கத்துப் பிரதிநிதி என் அக்கா பூங்கொடி. ரிட்டயர்டான ஹெட்மிஸ்ட்ரஸ். ரிட்டயரானது பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான். அந்தப் பக்கத்துப் பிரதிநிதி லீலா டீச்சர். பத்து வருடமாக இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீயும் ஒரு காப்பியும் சொல்லி, வேனைப் பற்றி ஐந்து நிமிடமும் மருமக்களைப் பற்றி இரண்டு மணி நேரமும் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். கொரோனா சமயத்தில் எல்லைச் சாலையில் மண்ணைக் கொட்டி மூடியபோதும் கையெழுத்து நிற்கவில்லை. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் லீலா டீச்சர், இந்தப் பக்கம் அக்கா. தேங்காய் பறிக்கிற தொரட்டியின் நுனியில் மருந்துப் பையைக் கட்டி அந்தப் பக்கத்திலிருந்து நீட்டினார்கள். மருந்தை எடுத்துக்கொண்டு, தாளைக் கட்டித் திருப்பி நீட்டினாள் அக்கா. அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.

அப்படிப்பட்டவர்கள் சித்திரையிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. லீலா டீச்சர் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை துபாயிலிருந்து, பாட்டுப் பாடிப் பூக்கொட்டுகிற வீடியோ அழைப்பிதழ் ஒன்றைத் தயாரித்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அக்காவுக்கும் அதேதான் வந்தது. அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை.

"ஏங்க்கா, போயிருக்கலாம்ல?" என்று போனில் கேட்டேன்.

"எதுக்கு? வெத்தல பாக்கு வெச்சு, வீட்டு வாசப்படியேறி வந்து கூப்புட்டாளா? பத்து வருசம் பக்கத்துல உக்காந்தவ, என்னைய போன்ல பூக்கொட்டிக் கூப்புடறா."

லீலா டீச்சரின் கட்சியைச் சசியேட்டன் சொன்னார். "அவங்க கேக்கறாங்க கதிரே, பூங்கொடி டீச்சர் நம்ம வீட்டு ஆளல்லே? வீட்டு ஆளை யாராவது தட்டு வச்சு கூப்பிடுவாங்களா? அவர் வரலைன்னு கல்யாணத்தன்னைக்கு அவங்க சரியா சாப்பிடக்கூட இல்லை."

நெருங்கினவர்களைத்தான் முதலில் நேரில் அழைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நியாயம். நெருங்கினவர்களுக்கு அழைப்பே வேண்டாம் என்பது டீச்சரின் நியாயம். இரண்டுமே பாசம்தான். அதனால்தான் தீர்ப்பு சொல்ல முடியவில்லை.

ஆனால் வேனுக்குத் தீர்ப்பு வேண்டியிருந்தது. ஆனி மாதக் கையெழுத்து விழவில்லை. கையில் இருக்கிற பணம் ஓணம் வரைக்கும்தான் வரும், அதற்குப் பிறகு டிரைவருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் கிடையாது என்று வேனை நடத்துகிற அறக்கட்டளையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஆறுமுகத்திடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். தென்னைமரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வாரம் ஒருமுறை வேன் வந்து அவன் முதுகுப் புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டுவிட்டுப் போகிறது. "டேய் அமெரிக்கா, வேனு வருமாடா வராதாடா? ரெண்டு டீச்சருங்க சண்டையில ஏண்டா என்ற முதுகு அடிவாங்கோணும்? பள்ளிக்கூடத்துலயும் இதேதான்டா நடந்துச்சு."

சிரித்தேன். பிறகு அதையே இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். அப்போது சிரிப்பு வரவில்லை.

3

ஊருக்குப் போய் இரண்டு பேரையும் சமாதானப்படுத்த வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் வேலை செய்கிற ஆபீஸ் பென்சில்வேனியாவில். தினமும் டெலவேர் ஆற்றைத் தாண்டித்தான் போய்வருகிறேன். பாலத்தில் நியூ ஜெர்சியை விட்டுப் போகத்தான் டோல், திரும்பி வர இலவசம். நியூ ஜெர்சியை விட்டு ஓடவும் காசு கொடுக்க வேண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்கிற ஜோக்கைப் புது ஆட்களிடம் நானும் சொல்வேன். இரண்டு மாநிலமும் சேர்ந்து பார்த்துக்கொள்கிற பாலம். நடுவில் ஒரு பலகை இருக்கும், அவ்வளவுதான். என்னைப் போகாதே என்று ஒருவரும் நிறுத்தியதில்லை.

ஆனால் இந்தியாவுக்குப் போக வேண்டுமென்றால் விஷயம் வேறு. கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கிறேன். வரிசை நகர்கிற வேகத்தைப் பார்த்தால், அது என் மகளுக்குப் பேரன் பிறந்து, அவன் எனக்கு ஸ்பான்சர் பண்ணிய பிறகுதான் வரும் போலிருக்கிறது. கையில் இருப்பது வேலை விசா. நாட்டை விட்டுப் போனால் அங்கே தூதரகத்தில் புது ஸ்டாம்ப் குத்திக்கொண்டுதான் திரும்ப முடியும். ஸ்டாம்புக்கு அப்பாயிண்ட்மெண்ட் கிடைத்து, அது தள்ளிப்போய், அங்கேயே மாட்டிக்கொண்டவர்களின் கதைகள் எங்கள் கம்பெனி கேண்டீனில் பேய்க்கதை மாதிரி சொல்லப்படும். "நீ இப்ப போகாத" என்று வக்கீல் சொல்லிவிட்டார். கவிதாவும் சொல்லிவிட்டாள். கவிதா என் மனைவி. வக்கீலுக்கு ஃபீஸ் உண்டு, இவளுக்குக் கிடையாது என்பதைத் தவிர இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆக, எல்லை தாண்டிய ஒத்துழைப்புக் குழுவின் தலைவர் எல்லை தாண்ட முடியாதவர். இதை என் ஸ்லைடில் போடவில்லை.

4

ரமேஷ் புத்திசாலி. அவனிடம் ஒரு வழி இருந்தது. "ரெண்டு பேர் பேசலைன்னா புராஜெக்ட் நிக்குதுன்னா, டிசைனே தப்புங்க. ஒரு ஆப் போடுவோம். அவங்கவங்க வீட்டுல உக்காந்து அவங்கவங்க பாக்ஸை டிக் பண்ணட்டும். ரெண்டு டிக் விழுந்தா பணம் போயிடும். யாரும் யாரையும் பாக்கவே வேணாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. ஆறுமுகத்தின் முதுகும் பிழைத்தது, என் தலைமையும் பிழைத்தது. உடனே ஆறாவது ஸ்லைடில் இரண்டு பெட்டி வரைந்து, இரண்டிலும் பச்சை டிக் போட்டேன். ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றுக்கும் ஏற்பாடு செய்தேன். சனிக்கிழமை. எங்களுக்குக் காலை பத்து, ரிச்சர்ட்சனில் ஒன்பது, சன்னிவேலில் ஏழு, ஊரில் இரவு ஏழரை. அக்காவுக்கும் லீலா டீச்சருக்கும் லிங்க் அனுப்பினேன்.

இருவருமே வரவில்லை. சன்னிவேலில் ரமேஷ் கலைந்த தலையோடு கொட்டாவி விட்டான். நாங்கள் பதினைந்து நிமிடம் காலிக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சீரியல் நேரம், அதான் வரவில்லை என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். "ஊர்ல இருந்து அப்ஜெக்ஷன் இல்ல. அடுத்த வாரம் பாஸ் பண்ணிடலாம்" என்று ரமேஷ் எழுதிக்கொண்டான். சசியேட்டன் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மியூட்டில் இருந்தார்.

என் மகள் இனியா சோபாவில் காலை நீட்டிப் படுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹைஸ்கூல் கடைசி வருடம். தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். ஸ்லைடில் அந்தப் பச்சை டிக்கை அழகாக்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"வெயிட். தே டிட்ன்ட் கம், ஸோ இட்ஸ் எ யெஸ்?"

"மௌனம் சம்மதம்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி இருக்கும்மா."

"நோ, அப்பா. சைலன்ஸ் இஸ் நாட் யெஸ். வீ ஹேட் எ ஹோல் யூனிட் ஆன் திஸ். இன் ஹெல்த் கிளாஸ்."

ஹெல்த் கிளாஸில் ஆண்-பெண் சமாச்சாரப் பாடத்துக்கு நடுவில்தான் இது வருகிறது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாக உறைத்தது. காப்பி புரையேறியது. கவிதா சமையலறையிலிருந்து, "கேட்டீங்கல்ல, சரியா சொல்லித்தான் குடுத்திருக்காங்க" என்றாள். கீழ்வீட்டு குஜராத்தி ஆன்ட்டியின் டப்பாவில் சாம்பார் பொடி அடைத்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியின் டப்பா என்று சொல்வது பழக்கதோஷம். தேப்லா ரொட்டியோடு மேலே வரும், பொடியோடு கீழே போகும். பல வருடமாகப் போய்வருகிற அந்த டப்பா முதலில் யாருடையது என்பது இரண்டு வீட்டுக்குமே மறந்துபோய்விட்டது.

இனியா விடவில்லை. "யூ வேர் ஆன் மியூட், அண்ட் தே மேட் யூ சேர்மன். டிட் யூ வான்ட் இட்?"

தோசை ஊற்றினவனை இதைவிட நேராக யாரும் மடக்க முடியாது.

5

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"மீட்டிங்குக்கு ஏங்க்கா வரல?"

"யாரு கூப்புட்டா?"

"வாட்ஸ்அப்புல அனுப்பினனே!"

"வந்துச்சு, வந்துச்சு. நாலு சாமிப்படம், ரெண்டு குட் மார்னிங்கு, அதுக்கு நடுவால உன்ற மீட்டிங்கு. லீலாளாவது பூக்கொட்டிக் கூப்புட்டா. நீ அதுவும் கொட்டல."

ஒரு அழைப்பால் வந்த சண்டையைத் தீர்க்க, அதே மாதிரி இன்னொரு அழைப்பை அனுப்பியவன் நான். கொங்குநாட்டில் பிறந்து, வெற்றிலைத் தட்டைப் பார்த்தே வளர்ந்தவன்.

சமாளித்துக்கொண்டு ரமேஷின் ஆப்பைப் பற்றிச் சொன்னேன். இனிமேல் பேக்கரிக்குப் போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே ஒரு டிக் போதும், டீச்சர் முகத்தைப் பார்க்கவே வேண்டாம் என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா.

அப்புறம் சத்தமில்லை. போன் கட்டாகிவிட்டதா என்று திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மணி நேரம் முன்பாக இருந்தால் இந்த மௌனத்தையும் சம்மதத்தில் சேர்த்து எழுதியிருப்பேன்.

"ஏந்தம்பி..." என்றாள் கடைசியில். "அவளுக்கு முட்டிவலி இருந்துச்சே. படியேற முடியாதும்பா. இப்ப எப்பிடியிருக்குதாம்? சசி கிட்டக் கேட்டயா?"

6

அடுத்த வாரம் மீட்டிங் தொடங்கியதும் வாழ்நாளில் முதல் முறையாக முதல் ஆளாக அன்மியூட் பண்ணினேன்.

"என் ஆறாவது ஸ்லைடை நானே வாபஸ் வாங்கறேன்" என்றேன்.

ரமேஷ் நெற்றியைத் தேய்த்தான். "அண்ணா, ஓணத்துக்கு அப்புறம் வேன் நிக்கும். அந்த நர்ஸ் வேற வேலைக்குப் போயிட்டா, ஆள் கிடைக்காது. உங்க சென்டிமென்ட்டுக்கு ஒரு பேஷன்ட் விலை குடுக்கணுமா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அதனால் நான் ஜோக் அடிக்காமல் பதில் சொன்னேன். ஆப் போட்டால் ஓணம் தாண்டியும் வேன் ஓடும், உண்மைதான். ஆனால் நாளைக்கு அந்த மண்மேடு மறுபடி விழுந்தால், தொரட்டியை யார் நீட்டுவது? பார்க்காமல், பேசாமல் ஆளுக்கொரு டிக் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நீட்டுவார்களா? நாம் பத்து வருடமாக வேனுக்குப் பணம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த பெஞ்சும் சேர்ந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாய்ப்புக் கொடு, ரமேஷ். அது நடக்காவிட்டால் உன் ஆப்புக்கு நானே கைதூக்குகிறேன்.

"என்ன வாய்ப்பு?"

அப்போதுதான் சசியேட்டன் மியூட்டை எடுத்தார். "ஞான் போறேன்டா நாட்டுக்கு. அச்சனுக்குக் கண் ஆபரேஷன். அப்படியே ரெண்டு டீச்சரையும் நேர்ல போய்க் கூப்பிடறேன். கதிரே, அந்தத் தட்டுல என்னென்ன வேணும்னு சொல்லு."

அவர் அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர், நினைத்தால் போகலாம். தட்டில் என்னென்ன வேண்டும் என்று எனக்கே தெரியாது, கவிதாதான் சொன்னாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ, மஞ்சள், குங்குமம். வெற்றிலையின் நுனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் காட்டினாள். எல்லாம் முடிந்தபிறகு திடுக்கிட்டு, "அய்யோ, நீங்க போறது ஆடி மாசமாச்சே! ஆடியில யாராவது தட்டு எடுத்துட்டுப் போவாங்களா?" என்றாள். அதே மாதமான கர்க்கடகத்தில் தங்கள் பக்கமும் நல்ல காரியம் கிடையாது என்று சசியேட்டனும் ஒப்புக்கொண்டார். திட்டம் மொத்தமும் பஞ்சாங்கத்தில் முட்டி நின்றது. கடைசியில் கவிதாவே, "ஆடிப்பெருக்கு அன்னிக்குப் போங்க. அன்னிக்கு எதுவும் செய்யலாம்" என்று வழி திறந்துவிட்டாள். இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஒரு நல்ல நாளை ஒதுக்கிக் கொடுத்தவள் என்ற முறையில், என் குழுவின் இரண்டாவது உறுப்பினராக அவளைச் சேர்த்துக்கொண்டேன். அவள் இதுவரை மௌனமாகத்தான் இருக்கிறாள்.

7

ஆடிப்பெருக்கன்று அக்கா வீட்டு வாசப்படியேறிப் போய்த் தட்டை நீட்டினார் சசியேட்டன். ஃபண்டு கூட்டத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த முதல் ஆள் உலகத்திலேயே தான்தான் என்று பிறகு சொன்னார். அக்கா தட்டைப் பார்த்தாளாம். வெற்றிலை நுனியைச் சரி பண்ணினாளாம். "உக்காருங்க, காப்பி குடிங்க" என்றாளாம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அங்கிருந்து எல்லையைத் தாண்டி இன்னொரு தட்டோடு லீலா டீச்சர் வீட்டுக்குப் போனார். வீட்டு ஆளுக்கு எதற்குத் தட்டு என்று டீச்சர் முதலில் கோபித்துக்கொண்டு, பிறகு, "பூங்கொடிக்கு இதானா வேண்டியிருந்தது? இதை முதல்லயே பறஞ்சிருக்கலாமே" என்றாராம்.

கூட்டம் அந்த வெள்ளிக்கிழமை, பேக்கரியில். எங்களுக்கு விடிகாலை. நான் அலாரம் வைத்து எழுந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆச்சரியம், இனியாவும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் போட்டோ வந்தது. ஒரே தாள், இரண்டு கையெழுத்து. அக்காவை உடனே கூப்பிட்டேன்.

"கையெழுத்து வந்துருச்சுக்கா. பேசினீங்களா?"

"எதுக்குப் பேசோணும்? கையெழுத்துதான கேட்டீங்க, போட்டாச்சு. அவ அந்தக் கோடில உக்காந்தா, நான் இந்தக் கோடில உக்காந்தேன். நடுவால நர்ஸுப்புள்ள உக்காந்து முழிச்சுட்டிருந்துச்சு."

ஓணம் தாண்டியும் வேன் ஓடும். அடுத்த தடவை? ரமேஷுக்கு நான் என்ன சொல்வது?

இனியா என் போனை இழுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "அத்தை," என்றாள். பிறகு கஷ்டப்பட்டு, ஒவ்வொரு சொல்லாக, "நீங்க... இன்னும்... கோவமா?"

இனியாவின் தமிழைக் கேட்டதும் அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "கோவந்தான் கண்ணு. பின்ன இல்லாம?" என்றாள். "எந்திரிச்சு வாரப்ப, ஒண்ணும் பேசாம ஒரு போசியக் கையில குடுத்துட்டுப் போயிட்டா உங்க லீலா டீச்சரு. தொறந்து பாத்தா பாலடைப் பாயசம். மகன் கல்யாணத்துல நான் சாப்புடாத பாயசமாமா, நர்ஸுப்புள்ள சொல்லுச்சு. சர்க்கரை அதிகம்."

"நல்லா இருந்துச்சாக்கா?"

"சர்க்கரை அதிகம்னு சொல்றனல்ல? ஆனா எவர்சில்வர் போசி, நல்ல கனம். அடியில பேரு வெட்டியிருக்குது. திருப்பிக் குடுத்துத்தான ஆகோணும்? அதுக்குனு வெறும்போசியா குடுப்பாங்க? அடுத்த வாட்டி போறப்ப ஒப்புட்டு சுட்டுப் போட்டுட்டுப் போகோணும். வெல்லம் எப்பிடிப் போடறதுன்னு அவளும் தெரிஞ்சுக்கட்டும்."

போனை வைத்துவிட்டு, அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் தயாராகிவிட்டது என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் கீழ்வீட்டு டப்பாவின் மூடியை அழுத்திச் சாத்தியபடி, திரும்பிப் பார்க்காமலேயே, "பாஸ்ட்" என்றாள்.